பன்னிரண்டு மணி நேர வெயில்

மலாக்காவில் காலை ஏழு மணி வாக்கில் வெளிச்சம் வருகிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போகிறது. நடுவில் பன்னிரண்டு மணி நேரம். ஆகவே எழுபத்தைந்து வாட் சோலார் தகடு ஒன்றைக் கூரையில் வைத்தால், அது பன்னிரண்டு மணி நேரமும் எழுபத்தைந்து வாட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதைக் கொட்டேஷனில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

இப்போது நீங்கள் கைப்பேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், எந்த மாதம் எவ்வளவு வெயில் கிடைக்கும், கூரை எந்தப் பக்கம் பார்த்தால் எவ்வளவு கூடும் என்று படம் போட்டுக் காட்டிவிடுகிறது. தொண்ணூறுகளில் எங்களிடம் இருந்தது தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், கால்குலேட்டர் ஒன்றுதான். அதிலும் ஏழாம் எண் அழுந்தாது. ஆனாலும் பழியை அந்தக் கால்குலேட்டர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டால் பெருக்கச் சொன்னது நான்தானே.

மலாக்கா டவுனில் எங்கள் கடை வயரிங் வேலைக்குப் பேர் போனது. வீட்டு வயரிங், காற்றாடி, தங்கா பத்து வட்டாரத்து வரிசை வீடுகளுக்குச் சுடுநீர்த் தொட்டி, இதுதான் எங்கள் பிழைப்பு. பத்து வருஷத்துக்கு மேல் அங்கே நான்தான் ராஜா. ராஜா என்றால், ஏணியை யார் தூக்குவது என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் இனிமேல் வெயிலில் கரண்டு எடுப்பதுதான் தொழில் என்று தவுக்கேக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஞானரட்ணத்தைக் கடைக்குக் கூட்டி வந்தார்.

ஞானரட்ணம் சிலோன்கார வீட்டுப் பிள்ளை. அப்பா ஆசிரியர், அம்மா ஆசிரியர், வீட்டுப் பூனைகூட இங்கிலீஷ் படித்திருக்கும். என்னைவிட ரெண்டு வயசு இளையவர். வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். காரைக்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது அவர் சட்டை. நாள் பூராவும் ஜிங்க் கூரைமேல் நின்றுவிட்டு இறங்கினாலும் அந்தச் சட்டையில் வேர்வை தெரியாது. நான் ஏணியின் முதல் படியில் கால் வைக்கும்போதே குளித்தவன் மாதிரி ஆகிவிடுவேன். தவுக்கே அவரை ‘மிஸ்டர் ஞானா’ என்பார். என்னை ‘ஓய் மணியம்’ என்பார். அவருக்குக் கோப்பி தட்டோடு வரும். எனக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வாயில் ஸ்ட்ரோ சொருகி வரும். அதற்கு முன்னால் பத்து வருஷமாகப் பையில்தான் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. தட்டைப் பார்த்த பிறகுதான் பை கசக்க ஆரம்பித்தது.

தவுக்கே எங்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: சோலாருக்குத் தனிப் பிரிவு ஆரம்பிக்கப் போகிறேன், அதற்கு ஒரு தலைவர் வேண்டும், உங்கள் ரெண்டு பேரில் ஒருவர். முதல் வேலையை யார் எப்படிச் செய்கிறார் என்று பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். தலைவர் பதவி என் கண்ணில் பட்டதே அப்போதுதான். அதற்குள் அதை ஒருத்தர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

அந்த முதல் வேலை ஒரு தோட்டத்துக் கோயில். செம்பனை மரங்களுக்கு நடுவே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாரியம்மன் கோயில். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் கரண்டு உண்டு, ஓடையைத் தாண்டி வயர் வரவில்லை. கோயில் தலைவர் ரெங்கசாமி, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். அவரை ரெங்கன் அண்ணே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நான் பிறந்தது பக்கத்துத் தோட்டம். அங்கே பாதிப் பேருக்கு நான் மாமா, மீதிப் பேருக்கு மச்சான். எனக்குச் சாதகமான மைதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞானரட்ணம் இடத்தைச் சுற்றிப் பார்த்தார், ஒரு கணக்குப் போட்டார், பணிவாகச் சொன்னார். வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம் இருந்தாலும், தகடு முழு மூச்சோடு வேலை செய்கிற நேரமாகச் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு நாலரை மணிதான் தேறும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும், நடுவில் மேகம் வரும். நீங்கள் கேட்கிற விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் காற்றாடிக்கும் பன்னிரண்டு தகடு வேண்டும் என்றார். ரெங்கன் அண்ணன் முகம் சுருங்கியது. கோயிலில் அவ்வளவு வசதி இல்லை.

நான் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

“நாலு தகடு போதும்ணே. இது மலாக்கா வெயில். புக்குல இருக்கிற வெயில் இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள், ஞானரட்ணத்தைத் தவிர. சிலோன்காரருக்கு நம்ம ஊர் வெயிலைப் பற்றி என்ன தெரியும் என்று அப்புறம் தவுக்கேயிடமும் போட்டுவைத்தேன். அவரும் மலாக்கா ஆஸ்பத்திரியில்தான் பிறந்தவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வேலை என் கைக்கு வந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதுசாக வந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் முகம் மலர்கிற எண்ணைச் சொல்வது ரொம்பச் சுலபம். அந்த முகத்தைத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதான் கஷ்டம்.

தகடுகளை மண்டபத்துக் கூரையில் பூட்டினோம். பேட்டரிகள் கடையிலேயே முழுசாகச் சார்ஜ் ஏறி லோரியில் வந்தவை. அதனால் முதல் நாள் சாயங்காலம் கோயில் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. ரெங்கன் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். பிள்ளைகள் காற்றாடிக்குக் கீழே நின்று ஆடினார்கள். அன்றைக்கு எரிந்தது மலாக்கா வெயில் இல்லை, கடையிலிருந்து வந்த கரண்டு என்பது எனக்கே தெரியாது. நானும் வெயிலைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் போனதும் தோட்டத்து ஆபீசிலிருந்து கடைக்குப் போன் வந்தது. விளக்கு மங்குகிறது. அப்புறம் இன்னொரு போன். விளக்கே இல்லை. சனிக்கிழமைகளில் ரொம்ப மோசம், மழை பெய்த மறுநாள் கொஞ்சம் தேவலை என்றார்கள். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நான் கழிப்பறைக்குப் போய்விடுவேன். என் வயிற்றுக்கும் அந்தப் போனுக்கும் ஏதோ தனி வயர் இழுத்த மாதிரி. தவுக்கேயின் மனைவி கடைசியில் எனக்கு ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார்.

அந்தப் பயத்தில் மூளை எங்கே போகும்? நேராக ஞானரட்ணத்திடம் போனது. சனிக்கிழமைதோறும் மோசம் என்றால் வெள்ளிக்கிழமை யாரோ ஏதோ செய்கிறார்கள். யார்? பதவி ஆசை யாருக்கு இருக்கிறதோ அவர்தான். எனக்கும் இருந்தது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோயில் பூசாரி வீரையாவைச் சந்தையில் பார்த்தபோது சும்மா விசாரிக்கிற மாதிரி கேட்டேன். வெள்ளைக் காரில் ஒரு சார் அடிக்கடி வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றார். என்றைக்கு வருகிறார் என்று நான் கேட்கவே இல்லை. அகப்பட்டாண்டா என்று எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நாலு தகடு நாசமாகப் போனாலும் போகட்டும், இந்த மனுஷன் கெட்டவனாக இருந்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல் ஏணியை வைத்துக் கூரைமேல் ஏறினேன். அறுந்த வயர் இருக்கும், திருகு கழன்றிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தலையை நீட்டினேன்.

நாலு தகடும் எனக்கு எதிரே நாலு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று பட்டை விபூதி. நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்துக்கு நடுவே குங்குமம். நாலுக்கும் சேர்த்து ஒரு நீளமான செவ்வந்தி மாலை, குறுக்கே. காய்ந்த மாலை இல்லை, நேற்று வெள்ளிக்கிழமை போட்டது.

வீரையா கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“சூரிய பகவான் எறங்கி ஒக்கார்ற எடம் மாமா. வெறும் நெத்தியா விடலாமா?”

ஆயுத பூசைக்கு டிராக்டருக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைக்கிறோம். தினமும் சாமி வந்து உட்கார்கிற கண்ணாடிக்கு வாராவாரம் வைப்பதில் என்ன தப்பு? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தகட்டில் ஒரு ஓரம் மறைந்தாலே அது மொத்தமும் படுத்துவிடும், அதன் உள்ளே எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருக்கிறது. இங்கேயோ பாதி மறைந்திருந்தது. மழை வந்து கழுவினால் கொஞ்சம் உயிர் வரும், வெள்ளிக்கிழமை திரும்பவும் அலங்காரம்.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வந்தது நிம்மதி. தப்பு என் கணக்கில் இல்லை, சந்தனத்தில். சூடான கூரைமேல் ரெண்டு அடி ஆடினேன். ஜிங்க் சத்தம் போட்டது, நிறுத்திக்கொண்டேன். துணியை நனைத்து நாலு முகத்தையும் துடைத்தேன். ரெங்கன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். தவுக்கேயிடமும் சொன்னேன், நடித்துக் காட்டினேன். தவுக்கே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, மணியம் கணக்கு சரிதான் என்றார். ஞானரட்ணம், சந்தனம் ஒரு தகட்டை எப்படிப் படுக்கவைக்கும் என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்கி எனக்கு ஆதரவாகப் பேசினார். என் சாக்கைக்கூட என்னைவிட அவர் அழகாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆடித் திருவிழா நெருங்கியது. திருவிழா முடிந்ததும் பதவி யாருக்கு என்று சொல்வதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். நான் வெற்றியை ருசிக்கப் போனேன். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மீட்டரை எடுத்துக்கொண்டு விடியும்போதே கோயிலில் உட்கார்ந்தேன். சுத்தமான தகடு, பொட்டு இல்லை, மாலை இல்லை. என் பன்னிரண்டு மணி நேரத்தைக் கண்ணால் பார்க்க ஆசை.

வெளிச்சம் வந்தது. மீட்டர் முள் அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. விடியற்காலைதானே என்றேன். வெயில் ஏறி முதுகைச் சுட்டது, முள் பாதிக்குக்கூட வரவில்லை. உச்சிவேளையில் முள் எழுந்து நின்றது. எனக்கு உயிர் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், கடல் பக்கமிருந்து ஒரு மேகம். ஒரே ஒரு மேகம். அது பின்னாலேயே சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்தது. முள் படுத்துவிட்டது. நான் மீட்டரைத் தட்டினேன், குலுக்கினேன், வயரை மாற்றினேன், கடைசியில் மேகத்தைப் பார்த்து மலாய், தமிழ் ரெண்டு பாஷையிலும் பேசினேன். அது ரெண்டும் தெரியாத மேகம்.

அப்போதுதான் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஞானரட்ணம் சர்ச்சுக்குப் போன உடுப்போடு இறங்கினார், கையில் வெயிலை மட்டும் அளக்கிற அவருடைய மீட்டர். அப்படியானால் அவர் வருவது ஞாயிற்றுக்கிழமை. என் பக்கத்திலேயே படிக்கட்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வந்து அளந்து பார்ப்பதாகச் சொன்னார். என் கணக்கைச் சோதிக்கவா என்று கேட்டேன். இல்லை, அவருடைய கணக்கைச் சோதிக்க.

“என்ர நாலரையும் பிழை, மணியம். மத்தியானத்து மழையை நான் சேர்க்கேல்லை. நாலுதான் வருது. சில நாள் அதுவும் இல்ல.”

சந்தனம் அவர் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். கீழே நின்று பார்த்தபோது மாலை தெரிந்ததாம், ஏதோ சடங்கு, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்துவிட்டாராம். பிறகு அவரே, உங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் தெரியுமா என்றார்.

“உங்களை வா மாமான்னு கூப்பிட்டுச் சோறு போடினம். எனக்கு நாற்காலியைத் துடைச்சுப் போடினம்.”

அடப்பாவி, பொறாமைகூட இந்த மனுஷன் என்னைவிட நாகரிகமாகப் படுகிறானே என்றிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ரெங்கன் அண்ணன் வந்தார். திருவிழாவுக்கு என்னென்ன போட வேண்டும் என்று அடுக்கினார். ரதத்துக்குக் கலர் பல்பு, ரெண்டு ஒலிபெருக்கி, சாப்பாட்டுக் கொட்டகைக்குக் காற்றாடி. இப்போதுதான் தகடு சுத்தமாகிவிட்டதே, எல்லாம் எரியுமில்லையா என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கமிட்டி கூடிப் பேசிவிட்டதாம். இத்தனை நாள் கோயில் இருண்டு கிடந்ததற்கு வீரையாதான் காரணம். எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்களாம். திருவிழாவுக்கு வேறு பூசாரியைப் பேசியாயிற்று. அதற்கப்புறம் வீரையா வர வேண்டியதில்லை.

வீரையா தூரத்தில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பூசை போனால் கோயில் பக்கத்து அறையும் போகும், அவருக்கு வேறு இடம் கிடையாது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த நிமிஷத்தில் என் மண்டைக்குள் ஓடியதைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். பேட்டரிகளைக் கடைக்குக் கொண்டுபோய் முழுசாகச் சார்ஜ் ஏற்றித் திருவிழா அன்றைக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள் ஜொலிக்கும். தவுக்கே பார்ப்பார். பதவி என் கைக்கு வரும். அதற்கப்புறம் மங்கினால் மங்கட்டும், அதற்குள் நான் தலைவர், பழி ஏற்கனவே சந்தனத்துக்குப் போய்விட்டது. இதை முழுசாக யோசித்து முடிக்க எனக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. கெட்ட யோசனைக்கு எனக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டதில்லை. ஞானரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நல்ல பிள்ளையாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராவது வாயைத் திறந்து என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதா? அவரைத் திட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த உதவியைக்கூட அவர் செய்யவில்லை.

“அண்ணே,” என்றேன், “சந்தனம் பாதிதான். மீதி என் கணக்கு.”

ரெங்கன் அண்ணனுக்கு உடனே புரியவில்லை. திரும்பச் சொன்னேன். நாலு தகட்டைத் தங்கத் தட்டு மாதிரி துடைத்து வைத்தாலும் நான் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், வீரையா ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் கோயில் இருட்டாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அவர் கூரையை ஒரு தடவை, வீரையாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்.

“அந்த மனுஷன ஊர் முன்னால நிக்க வச்சிட்டோமேடா. இப்ப நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்ப் பேசுவேன்?”

ஞானரட்ணம்தான் எழுந்தார், வாங்க, மூன்று பேரும் சேர்ந்து போவோம் என்றார். போனோம். வீரையா நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, குத்துவிளக்கின் ஒரு தட்டை என் கையில் கொடுத்துத் துலக்கச் சொன்னார். துலக்கினேன். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை. கறை சரியாகப் போகவில்லை என்று ரெண்டாம் தடவையும் துலக்கச் சொன்னார்.

மறுநாள் தவுக்கேயிடமும் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எத்தனை தகடு வேண்டும் என்று ஞானரட்ணத்தைப் பார்த்துக் கேட்டார், என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்தப் பார்வை எந்தப் பக்கம் திரும்பியது என்பதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

திருவிழா அன்றைக்கு ஒலிபெருக்கியா, கலர் பல்பா, ஏதாவது ஒன்றுதான் என்று கமிட்டியிடம் சொன்னோம். ஒலிபெருக்கி இல்லாத திருவிழாவுக்கு ஆத்தாளே வரமாட்டாள் என்றார்கள். ரதத்துக்கு அகல்விளக்கு ஏற்றினார்கள், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ரெங்கன் அண்ணன் மைக்கைப் பிடித்து, கோயிலுக்குச் சோலார் போட்டுத் தந்த இன்ஜினியர் ஐயா ஞானரட்ணம் அவர்களுக்கு என்று சொல்லிப் பெரிய மாலையாகப் போட்டார். ஞானரட்ணம் கூச்சத்தோடு குனிந்து வாங்கிக்கொண்டார். எனக்கு மாலை இல்லை. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள். சாம்பார் வாளியைத் தூக்கு மாமா என்று ஒருத்தன் சொன்னான், தூக்கினேன். வாளியோடு நடக்கும்போது அந்த மாலையை எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்பது எனக்கும் மாரியம்மனுக்கும் மட்டும் தெரியும்.

பூசை வீரையாதான் செய்தார். வேறு பூசாரி வரவில்லை. கடைச் செலவில் கோயிலுக்கு இன்னும் எட்டுத் தகடு போட்டோம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று கணக்குப் போட்டோம், அது ஏறக்குறைய சரியாக வந்தது. திருவிழா முடிந்த வாரம் தவுக்கே சோலார் பிரிவுக்கு ஞானரட்ணத்தைத் தலைவராகப் போட்டார். ஓய்வு பெறும்வரை நான் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன்.